ஆயா வீட்டு ஜோஜோ தொட்டி

தொட்டி சாய்ந்திருப்பதை முதலில் பார்த்தது ஆயாதான். 2024 ஜனவரி, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. முந்தைய இரவு முழுக்க மழை. காலையில் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி, ஜோஜோ குனியுது, வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சமையலறைச் சுவரின் ஓரத்தையும் தொட்டியின் விளிம்பையும் ஒரே பார்வையில் வைத்தால் நன்றாகவே தெரிந்தது. கூரை மழைநீரைச் சேர்க்கும் 5000 லிட்டர் ஜோஜோ தொட்டி, நிறைந்து இருந்தது. அதாவது ஐந்து டன் எடை, பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்துக் குனிந்து நின்றது. நான்கு மாதம் முன்பு நானே கட்டிய பீடம். எனக்குக் கை கால் ஓடவில்லை. முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, வேலிப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம்தான் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தேன்.

அதற்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். குழாய் வேலை, மோட்டார் வேலை. தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் ஆயா வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். ஆயா எனக்கு ரத்த சொந்தம் இல்லை. இந்த ஊரில் வயதான தமிழ்ப் பெண்களை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். 1860இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் வந்த பிறகு, கரும்புத் தோட்டக் கூலிக்காகக் கடல் தாண்டி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஆயா பிறந்தது தோட்டத்துப் பாரக்ஸ் வீட்டில். ஒரு வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு குழாய் இருந்ததாம். அந்தக் குழாயடியில் வாளியோடு நின்ற சிறுமி, எண்பது வயதுக்கு மேல் மறுபடியும் தெருவில் வாளியோடு நின்றார். அது 2022இல்.

அந்த வருடம் ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை டர்பனில் யாரும் மறக்க மாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். டோங்காட் ஊருக்கென்று இருந்த நீர் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் சிதைந்துபோனது. பிறகு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரி வரும், வரிசை நீளும். 25 லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏற வேண்டும். நான் ஆயாவுக்கும் சேர்த்துத் தூக்கினேன். நான் வேலைக்குப் போன நாட்களில் அவரே சின்ன வாளியோடு போய் நின்றிருக்கிறார். எனக்குப் பொறுக்காமல் போனது இன்னொரு விஷயம். அந்த வரிசையில் நின்ற நாட்களிலும் மழை பெய்தது. தலைக்கு மேல் கூரையில் விழுந்து, சுவரோரமாக ஓடி, சாக்கடையில் சேர்ந்தது.

சரி, தொட்டி வைப்போம் என்று 2023 செப்டம்பரில் இறங்கினோம். இங்கே மழைக்காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை, கோடையில். அதற்குள் முடிக்க வேண்டும் என்று திட்டம்.

கூரை

ஆயா வீட்டின் முன்பகுதி பழையது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. பின்பகுதி பிறகு எடுத்துக் கட்டியது, மேலே தகரம். இந்த நாட்டில் 2008இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே கூரையில் இருப்பது அப்படியே இருக்கிறது. டர்பன் பக்கத்து இந்தியர் குடியிருப்புகளில் அந்த ஓடுகள் இன்னும் ஏராளம். மழைநீருக்காக அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். தேய்க்கும்போதும் துளைபோடும்போதும் பறக்கிற தூசு நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. முன்கூரையை நான் தொடவே இல்லை. பின்பக்கத் தகரக் கூரையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அது எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர், 48 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். தெறிப்பது, ஆவியாவது, வழிவது எல்லாம் கழித்து நூற்றுக்கு 85 கைக்கு வரும் என்று வைத்தால், 10 மில்லிமீட்டர் மழைக்கு 400 லிட்டர். டர்பன் பகுதியில் வருடச் சராசரி மழை 1000 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்தப் பாதிக் கூரையிலிருந்தே வருடத்துக்கு 40,000 லிட்டர். தென்னாப்பிரிக்கா மொத்தத்தையும் எடுத்தால் சராசரி மழை உலகச் சராசரியில் ஏறக்குறைய பாதிதான். நம் ராமநாதபுரத்துக் கண்ணால் பார்த்தால் டர்பன்காரர்கள் மழையில் கொடுத்துவைத்தவர்கள்.

இங்கே எந்தக் கம்பெனித் தொட்டியானாலும் ஜோஜோ என்றே சொல்வார்கள். நாங்கள் வாங்கியது பச்சை நிறம், விட்டம் 1.82 மீட்டர். ஏழாயிரம் ராண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆயாவின் மகள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பாதி அனுப்பினார்.

2003இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது நான் ஒரு பிளம்பரிடம் கையாளாக இருந்தேன். அப்போது நாங்கள் செய்ததெல்லாம் மண்ணுக்குள் இறக்குவது: குழி, ஜல்லி, மணல். அதையே இங்கேயும் செய்யலாமே என்று கேட்பீர்கள். இந்தத் தெரு சரிவில் இருக்கிறது. மண் கடலோரச் சிவப்பு மணல், பெரியா மணல் என்பார்கள். காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும், நனைந்தால் கரைந்து நடக்க ஆரம்பிக்கும். வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் அந்த மண்ணில் தண்ணீரை இறக்குவது ஆபத்து. இவ்வளவும் தெரிந்துதான் தொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தெரிந்தும் பிறகு என்ன செய்தேன் என்பதைக் கீழே பாருங்கள்.

கறுப்புத் தண்ணீர்

பீடம் கட்டியதில் பெரிய சிரமம் இல்லை. ஹாலோ பிளாக் இரண்டு வரி, நடுவில் மண் நிரப்பித் திமிசு போட்டு, மேலே கம்பி வலை வைத்து நான்கு அங்குலக் கான்கிரீட். பீடத்தை உயர்த்தியதற்குக் காரணம், அடிக்குழாயின் கீழ் ஒரு வாளி நிற்க வேண்டும். 2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தது, ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. பம்பை மட்டும் நம்பினால், கரண்டும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்து நிற்கிற நாளில் நிறைந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு தாகத்தோடு நிற்க வேண்டியதுதான். அதனால் பம்பு இல்லாமல் திறக்க ஒரு குழாய் கட்டாயம்.

முதல் மழை அக்டோபர் முதல் வாரத்தில் வந்தது. ஆயா அடிக்குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்தார். காப்பித் தண்ணீர் மாதிரி இருந்தது.

கரும்புச் சாம்பல். டோங்காட்டைச் சுற்றிக் கரும்புத் தோட்டம். வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவார்கள். அந்தக் கரித்தூள் மைல் கணக்கில் பறந்து வந்து துணி, ஜன்னல், கூரை எல்லாவற்றிலும் படியும். மழை இல்லாத மாதங்கள் முழுக்கக் கூரையில் படிந்ததை முதல் மழை ஒரே வாரலாக வாரித் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. மைனா எச்சம், மாவிலை, குரங்கு விட்டுச்சென்ற பழத்தோல் எல்லாம் கூடவே. வேறு ஊராக இருந்தால் முதல் மழைநீரைத் தள்ளிவிடும் குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாம். கரும்புக்காட்டு ஊரில் அது இல்லாமல் தொட்டியை இணைக்கவே கூடாது.

அரை மில்லிமீட்டர் மழையைத் தள்ளினால் போதும் என்று கணக்குப் போட்டேன். 48 சதுர மீட்டருக்கு 24 லிட்டர். சாதாரண 110 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வேண்டும், அவ்வளவு உயரம் இல்லை. 160 குழாயில் மீட்டருக்கு 18 லிட்டர். ஒன்றரை மீட்டர் வெட்டி, தொட்டிக்குப் போகும் வழியில் ஒரு T வடிவ இணைப்பு போட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். 27 லிட்டர். உள்ளே ஒரு ரப்பர் பந்து. முதல் தண்ணீர் இந்தக் குழாயில் இறங்கி நிறையும், பந்து மேலே மிதந்து வந்து வாயை அடைக்கும், அதற்குப் பிறகு வருவது தொட்டிக்குப் போகும். அடியில் திருகு மூடி. மழை விட்டதும் அடுத்த மழைக்குத் தயாராக உள்ளே இருப்பது தானாக வடிய வேண்டும், அதற்காக மூடியில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன்.

அந்த ஓட்டையில்தான் தப்பு செய்தேன். இரண்டு வாரம் நல்ல தூறல் இருந்தும் தொட்டியில் மட்டம் ஏறவில்லை. ஒரு நாள் மழையில் நின்று ஓட்டைக்கு அடியில் லிட்டர் குப்பியைப் பிடித்தேன். 43 விநாடியில் நிறைந்தது. மணிக்கு 80 லிட்டருக்கு மேல். மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் தூறல் என்றால் அந்தக் கூரையில் கிடைப்பதே 80 லிட்டர். வந்தது அத்தனையும் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

சின்ன ஓட்டை போட்டால் கரி அடைக்கும். அதனால் மூடியில் அரை அங்குல வால்வு வைத்து, ஒரு லிட்டர் நிறைய நான்கு நிமிடம் ஆகும் அளவுக்கு லேசாகத் திறந்து விட்டேன். மழை விட்டபின் நான்கு மணி நேரத்துக்குள் குழாய் காலியாகிவிடுகிறது. மாதம் ஒருமுறை வால்வை முழுதாகத் திறந்தால் அடைந்த கரியெல்லாம் வெளியே வந்துவிடும். அடியில் ஒரு வாளி, அந்தச் சாம்பல் தண்ணீர் ரோஜாச் செடிக்கு.

தொட்டி மூடிக்கு மூன்று போல்ட் போட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக் குரங்குகளுக்கு மூடியைத் திருகிக் கழற்றத் தெரியும். உள்ளே வரும் வாய், வழியும் வாய் இரண்டிலும் துருப்பிடிக்காத கம்பி வலை, கொசு நுழைய முடியாத கண்ணளவு.

இரவில் பேசிய பம்பு

நவம்பரில் அரை குதிரைத்திறன் பம்பு வைத்தேன். மழைத்தண்ணீர் போவது மூன்று இடத்துக்கு மட்டும்: கழிப்பறை ஃப்ளஷ் டேங்க், வாஷிங் மெஷின், வெளிக்குழாய். நகராட்சிக் குழாயோடு இந்தக் குழாய் வழியை எங்கேயும் இணைக்கவில்லை. தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. வால்வு ஒருநாள் பழுதாகும், அன்றைக்குக் கூரைத் தண்ணீர் தெருவின் குடிநீரில் கலக்கும். தொட்டியில் மழை இல்லாதபோது நகராட்சித் தண்ணீரை மேலே திறந்த வாய் வழியாக விடுகிறேன், குழாய் முனைக்கும் தொட்டியின் தண்ணீருக்கும் நடுவில் எப்போதும் ஒரு சாண் வெறும் காற்று இருக்கும்படி. காற்றை எதிர்த்துத் தண்ணீர் மேலே ஏறாது.

குடிக்க இதை எடுப்பதில்லை. வேறு வழியே இல்லாத நாளில் கொதிக்கவைப்போம், அல்லது வாசனை சேர்க்காத 3.5 சதவீத ப்ளீச்சை 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து இரண்டு மணி நேரம் வைப்போம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும்.

பம்பு வைத்த மூன்றாவது இரவு ஆயா என் கதவைத் தட்டினார். "தம்பி, இது ராத்திரியெல்லாம் டிக்கு டிக்குன்னு பேசுது." உட்கார்ந்து கேட்டேன். யாரும் குழாயைத் திறக்கவில்லை, ஆனாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்பு ஓடி நின்றது. எங்கேயோ தண்ணீர் போகிறது.

தொட்டியின் பக்கத்தில் மட்டம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் மாட்டியிருந்தேன். தொட்டியின் குறுக்குப் பரப்பு 2.6 சதுர மீட்டர், அதனால் மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 2.6 லிட்டர் போனது என்று அர்த்தம். இரவு பதினொன்றுக்குப் பேனாவால் கோடு போட்டேன். காலை ஐந்துக்குப் பார்த்தபோது 24 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. 62 லிட்டர், ஆறு மணி நேரத்தில், ஒருவரும் ஒரு சொட்டு எடுக்காமல்.

ஆயா சமையலறையிலிருந்து மஞ்சள்தூளைக் கரைத்துக் கொண்டுவந்தார். ஃப்ளஷ் டேங்கில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி நேரத்தில் கழிப்பறைக் கோப்பையின் பின்சுவரில் மெல்லிய மஞ்சள் கோடு இறங்கியது. சத்தம் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற ஓட்டமும் இல்லை. அடி வாஷர் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. புதியது 30 ராண்ட். மாற்றியபின் அடுத்த இரவு கோடு அசையவில்லை, பம்பும் வாய் திறக்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். ஆறு மணி நேரத்துக்கு 62 என்றால் நாளுக்கு 248 லிட்டர். மாதத்துக்கு 7400 லிட்டருக்கு மேல். இந்த நாட்டில் வசதியற்ற குடும்பங்களுக்கு இலவசமாகத் தர வேண்டிய அடிப்படைத் தண்ணீர் மாதம் 6000 லிட்டர். அந்தத் திட்டத்துக்கு முன்மாதிரியே டர்பன்தான், வீட்டுக்கு நாளுக்கு 200 லிட்டர் தொட்டி வைத்து இங்கே தொடங்கினார்கள். ஒரு குடும்பத்தின் முழுப் பங்குக்கும் மேலான தண்ணீர், ஒரு ரப்பர் வாஷர் வழியாக, எத்தனை வருடமாகப் போயிற்றோ. பம்பு வைத்திராவிட்டால் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கும். எனக்கு அன்று மனசு ஆறவே இல்லை. ஏழாயிரம் ராண்ட் தொட்டிக்கு முன்னால் 30 ராண்ட் வாஷரைப் பார்த்திருக்க வேண்டும். குழாய் வேலைக்காரன் நான், நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

மறுவாரம் தெருவில் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பார்ப்பதுதான் சோதனை, அது சுற்றினால் கசிவு. ஏழு வீட்டில் மூன்றில் சுற்றியது. டர்பன் மாநகரில் குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கு மேல் வருமானக் கணக்கில் வராமல் போகிறது. தெருக்குழாய் உடைப்பு, பதிவில்லாத இணைப்பு, ஓடாத மீட்டர் என்று காரணம் பல. அதெல்லாம் என் கைக்கு எட்டாதவை. மஞ்சள்தூளும் வாஷரும் எட்டும்.

சாய்ந்த பீடம்

இப்போது அந்த ஜனவரிக் காலைக்கு வருகிறேன்.

அடிக்குழாயைத் திறந்ததும் ஆயா தெருவுக்குச் சொல்லிவிட்டார். வாளி, டிரம், பால்கேன், குழந்தை குளிக்கும் தொட்டி எல்லாம் வந்தன. மதியத்துக்குள் 5000 லிட்டரில் பெரும்பகுதி வீடுகளுக்குப் போய்விட்டது, தரையில் விட்டது கொஞ்சம்தான். காலித் தொட்டி நூறு கிலோ அளவில் இருக்கும். நான்கு பேர் சேர்ந்து உருட்டி ஒதுக்கினோம்.

தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துப் பார்த்தேன். வேலிப்பக்க மூலை 35 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. கான்கிரீட் விரிசல் விடவில்லை, கம்பி வலை தாங்கியிருக்கிறது. ஆனால் அந்த மூலைக்கு அடியில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போனது. மண்ணே இல்லை.

தொட்டி நிறைந்தபின் வழியும் குழாயை 50 மில்லிமீட்டரில் போட்டு, ஒரு எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) வைத்து, நேரே பீடத்தின் அடியிலேயே விட்டிருந்தேன். "பிறகு நீட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்த ஞாபகம் இருக்கிறது. கூரையைக் கணக்குப் போட்டவன், முதல் மழைநீரைக் கணக்குப் போட்டவன், நிறைந்தபின் என்ன ஆகும் என்று கணக்குப் போடவில்லை. நல்ல மழை மணிக்கு 60 மில்லிமீட்டர் பெய்தால் மணிக்கு 2500 லிட்டர் அந்த எல்போ வழியாக ஒரே இடத்தில் விழும். கீழே சிவப்பு மணல். 2022 ஏப்ரல் மாதிரி ஒரு நாளில் 300 மில்லிமீட்டர் வந்தால், அந்தக் கூரையில் மட்டும் 14,000 லிட்டர் விழும், அதில் தொட்டிக்குள் அடங்குவது ஐயாயிரம்தான்.

எங்கள் ஊர்க் கண்மாயில் மழைக்காலம் தொடங்கும் முன் பெரியவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது கலிங்கைத்தான். மடை பிறகு. மிஞ்சின தண்ணீர் கரையைத் தொடாமல் கல்லின் மேல் வழிந்து, அடுத்த கண்மாய்க்கு வாய்க்காலில் போக வேண்டும். கலிங்கு அடைத்தால் கரை உடையும் என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே வந்து ஐந்து டன் தொட்டிக்குக் கலிங்கு வைக்காமல் விட்டேன்.

பழுதுபார்க்கப் பதினைந்து நாள் பிடித்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜூலு கொத்தனார் ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் கடப்பாரையைக் கையில் எடுத்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை "அமன்ஸி". தண்ணீர் என்று அர்த்தம். குழியைக் காட்டி அவ்வளவுதான் சொன்னார், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மூலையை உடைத்து, கடப்பாரை கணீரென்று சத்தம் போடும் கெட்டி மண் வரும் வரை தோண்டினோம். அரை மீட்டருக்கு மேல் போயிற்று. பத்துப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமென்ட், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் கலந்து, ஒரு சாண் கனத்துக்கு ஒருமுறை திமிசு அடித்தோம். அடுக்கைக் கனமாகப் போட்டு மேலே மட்டும் அடித்தால் உள்ளே பொத்தலாகவே இருக்கும் என்பதில் அவர் ரொம்பக் கறார். பிளாக்கை மறுபடி கட்டி, மேல்தளத்தைப் பக்கத்துக்கு ஒரு சாண் அகலமாக்கி, ஏழு நாள் சாக்கு போட்டு நனைத்தோம். தொட்டியை மேலே ஏற்றினாலும் உடனே நிரப்பவில்லை, இன்னும் ஒரு வாரம் பொறுத்தோம். இப்போது நான்கு மூலைக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்.

வழியும் குழாய் 110 ஆயிற்று. உள்ளே வருவதைவிட வெளியே போகும் வாய் சின்னதாக இருக்கக் கூடாது. ஏழு மீட்டர் தள்ளி, வாழைக்கும் மதும்பிக்கும் நடுவில் கொண்டுபோய் விட்டேன். மதும்பி என்பது நம் சேப்பங்கிழங்கு, இங்கே இந்தியர் வீட்டுப் பின்கட்டிலெல்லாம் இருக்கும், ஈரம் எவ்வளவு இருந்தாலும் குடிக்கும். குழாய் வாயில் மூன்று வாளி கருங்கல் பரப்பினேன், மண் அரிக்காமல் இருக்க. சரிவில் கீழே இருக்கும் வீட்டுக்கு என் மிச்சத் தண்ணீர் போகக் கூடாது என்பதற்காக மதும்பிப் பாத்தியைக் குழியாக வெட்டி, கீழ்ப்பக்கம் வரப்பு போட்டேன். தண்ணீர் சேமிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் சுவரை நனைப்பது நியாயமில்லை.

அதற்குப் பிறகு

2024 ஜூன் 3ஆம் தேதி டோங்காட்டைச் சுழற்காற்று தாக்கியது. உயிர்ச்சேதம், கூரை பறந்த வீடுகள் என்று ஊர் கலங்கிப்போனது. எங்கள் தெரு அதன் பாதையில் இல்லை. ஆனால் ஜூன் வறண்ட மாதம், தொட்டியில் அன்றைக்கு முழங்கால் அளவுகூட இல்லை. காலித் தொட்டி காற்றுக்கு வெறும் பச்சை டப்பா. அந்த வாரமே பீடத்தில் நான்கு கொக்கி பதித்து, லாரியில் சரக்குக் கட்டும் பட்டையைத் தொட்டிமேல் குறுக்கே இழுத்துக் கட்டினேன். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே மட்டம் இறங்கினால் குழாய்த் தண்ணீர் விட்டு ஏற்றிவைக்கிறோம். அவசரத்துக்கும் ஆச்சு, காற்றுக்கும் ஆச்சு.

அதே வருடம் அக்டோபரில், டர்பனுக்கு மொத்தமாகத் தண்ணீர் தரும் உம்கேனி-உதுகேலா நிறுவனம் கொடுக்கும் அளவை 8.4 சதவீதம் குறைக்கத் தொடங்கியது. ஆறுகளிலிருந்து எடுக்க அனுமதித்த அளவைத் தாண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது காரணம். தெருவில் கவலையோடு பேசிக்கொண்டார்கள். ஆயா மட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு வந்து, "நமக்கு மூணு வாரம் ஓடும்" என்றார். கணக்குச் சரிதான். ஃப்ளஷ், துணி, செடி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 150 லிட்டருக்குள் நிற்கிறது.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் ஆயா சுண்ணக்கட்டியோடு தொட்டிக்குப் போய்ச் சுவரில் கோடு போடுகிறார். பக்கத்தில் தேதி. மழை பெய்த வாரத்துக்கு ஒரு புள்ளி. மழையும் இல்லாமல், நாம் எடுத்ததைவிட அதிகமாக மட்டம் இறங்கியிருந்தால் என்னைக் கூப்பிடுவார். போன மாதம் அப்படிக் கூப்பிட்டு வெளிக்குழாயில் ஒரு கசிவைப் பிடித்தோம், டெஃப்ளான் டேப் சுற்றியதில் நின்றுவிட்டது.

கீழ்த்தெருவில் ஒரு வீட்டுக்கு வரும் சனிக்கிழமை தொட்டி வருகிறது. அது வந்து இறங்கும் முன் 110 குழாய் எட்டு மீட்டரும், ஃப்ளஷ் டேங்குக்கு ஒரு வாஷரும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.